நன்னி வீட்டுப் போன் ஏன் அடிக்கலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறது.)

இந்த எபிசோடுல கெஸ்ட் யாரும் இல்லை. நான் மட்டும்தான். வழக்கமா ஏதாவது ஒரு டெக்னாலஜியை எடுத்துக்கிட்டு அது எப்படி வேலை செய்யுதுன்னு பேசுவோம். இன்னைக்குப் பேசப் போறது, சும்மா இருந்தா அறுந்து போற கனெக்‌ஷன் பத்தி. பயன்படுத்திக்கிட்டே இருந்தா நல்லா இருக்கும், கொஞ்ச நேரம் விட்டுட்டா செத்துப் போயிடும். ஆபீஸ்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க. டீ குடிக்கப் போயிட்டு வந்தா சர்வரோட இருந்த டெர்மினல் அப்படியே உறைஞ்சு போய் நிக்கும். அதே வியாதிதான்.

ஆனா எனக்கு இது ஆபீஸ்ல வரலை. வீட்டுல வந்துச்சு. என் தப்பும் அதுல இருந்துச்சு. அதையும் சேர்த்தே சொல்றேன்.

ஒரு பழைய போன், ஒரு சின்னப் பெட்டி

எங்க நன்னிக்கு, அதாவது அம்மாவோட அம்மாவுக்கு, ஊர் கூத்தாநல்லூர். திருவாரூர் மாவட்டம், மன்னார்குடியில இருந்து திருவாரூர் போற வழியில வரும். சுத்தி எல்லாம் வயல். ஆனா ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு யாராவது ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடுன்னு வெளியில இருப்பாங்க. குட்டி சிங்கப்பூர்னே அந்த ஊரைச் சொல்வாங்க. அதனால இந்த ஊருக்குப் போன் வெறும் போன் இல்லை. ஒரு காலத்துல கேசட்ல பேசிப் பதிஞ்சு, ஊருக்கு வர்றவங்க கையில கொடுத்து அனுப்புவாங்களாம். அப்புறம் ஐ.எஸ்.டி. பூத். அப்புறம் வீட்டுக்கு வீடு லேண்ட்லைன். என் மாமா, நன்னியோட ஒரே மகன், 20 வருஷத்துக்கு மேல சிங்கப்பூர்ல இருக்காங்க.

2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ தெருவுல கம்பம் சாய்ஞ்சு லேண்ட்லைன் போயிடுச்சு. அப்புறம் அதை யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. எல்லார் கையிலயும் மொபைல் வந்துடுச்சே. ஆனா நன்னிக்கு மொபைல் சரிப்படலை. காது கொஞ்சம் மந்தம். சின்ன ஸ்பீக்கர்ல கேட்காது. தொடுதிரை கை நடுக்கத்துக்கு ஒத்து வராது. பட்டன் மொபைல் ஒண்ணு இருக்கு, அது பாதி நாள் சார்ஜ் இல்லாம அலமாரியில கிடக்கும். நன்னிக்குப் பழக்கமானது அந்தப் பழைய மேஜைப் போன்தான். கனமான ரிசீவர், வாசல் வரைக்கும் கேட்கிற மணி.

நான் இன்ஜினியர் இல்லையா, எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு. வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்திருந்துச்சு. பழைய போனை இன்டர்நெட்டோட இணைக்கிற ஒரு சின்ன அடாப்டர் பெட்டி கிடைக்கும். ஒரு பக்கம் போன் வயர், இன்னொரு பக்கம் ரவுட்டர். மும்பையில ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து அதுல ஆஸ்டரிஸ்க் போட்டேன். இலவச ஓப்பன் சோர்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் அது, 1999-ல மார்க் ஸ்பென்சர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. மாமா மொபைல்ல ஒரு ஆப். மாமா அதுல கூப்பிட்டா கூத்தாநல்லூர்ல பழைய போன் மணி அடிக்கும். நன்னி ரிசீவரை எடுத்து 1 அமுக்கினா சிங்கப்பூர்ல மாமாவுக்கு அடிக்கும். காசே இல்லை.

ஊருக்குப் போய் மாட்டினேன். அடிச்சுப் பார்த்தேன். அடிச்சுது. நன்னி பேசினாங்க, மாமா பேசினாங்க, ரெண்டு பேருக்கும் சந்தோஷம். "தம்பி பெரிய வேலை பண்ணிட்ட"ன்னு நன்னி சொன்னாங்க. நான் அன்னைக்கு ராத்திரியே சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

மூணு வாரம்

மூணு வாரம் கழிச்சு அம்மா எங்கிட்ட மெதுவா கேட்டாங்க. "மாமாவுக்கும் நன்னிக்கும் ஏதாவது மனஸ்தாபமா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

விசாரிச்சா விஷயம் இதுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமா வர்றதா இருந்துச்சு. லீவு கிடைக்காம வரலை. நன்னி அப்போ போன்ல கொஞ்சம் வருத்தப்பட்டுப் பேசியிருக்காங்க. அதுக்கப்புறம் மாமா தினமும் கூப்பிட்டிருக்காங்க. சிங்கப்பூர் நேரம் ராத்திரி ஒன்பதரை, நமக்கு ஏழு மணி. மணி போகுது, யாரும் எடுக்கலை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மொபைல்ல போட்டு, "அம்மா எப்படி இருக்காங்க?"ன்னு மட்டும் கேட்பாங்க. "நல்லா இருக்காங்க, இப்பதான் வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க"ன்னு பதில் வரும். அப்போ மாமா என்ன நினைப்பாங்க? நல்லா இருக்காங்க, ஆனா என் போனை மட்டும் எடுக்க மாட்டேங்குறாங்க.

இந்தப் பக்கம் நன்னி தினமும் ஏழு மணிக்குப் போன் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. போன் அடிக்கவே இல்லை. நான் வருத்தப்பட்டுப் பேசினதுல பிள்ளைக்குக் கோபம் வந்துடுச்சு போலன்னு முடிவு பண்ணிட்டாங்க.

"அப்போ நீங்க 1 அமுக்கிக் கூப்பிட்டிருக்கலாமே நன்னி?"ன்னு கேட்டேன். "வெளிநாட்டுக்கு நாம போட்டா காசு ஏறும் தம்பி. அவன்தான் போடணும்"னாங்க. ஐ.எஸ்.டி. காலத்துப் பழக்கம். மீட்டர் ஓடுற சத்தத்தைப் பார்த்துப் பேசின தலைமுறை. காசு இல்லைன்னு நான் சொன்னது அவங்க மனசுல ஏறவே இல்லை.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்காங்க, ரெண்டு பேருமே காத்துக்கிட்டிருக்காங்க. நடுவுல இருக்கிறது நான் மாட்டின பெட்டி.

ஐ.எஸ்.டி.என். பார்த்த ஒருத்தர்

சென்னையில இருந்தே சர்வரைப் பார்த்தேன். நன்னி வீட்டுப் பெட்டி 'ரெஜிஸ்டர்டு'ன்னு காட்டுது. பச்சை. சரி, வீட்டு இன்டர்நெட்? பக்கத்து வீட்டு அக்கா நம்ம வைஃபையில யூடியூப் பார்க்கிறாங்க, ஓடுது. இணையம் கொடுக்கிற நிறுவனத்துக்குப் போன் பண்ணா, "ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க சார், நூறு வருதா?"ன்னு கேட்டாங்க. வருது. அப்போ உங்க லைன் ஓகே சார்னு வச்சுட்டாங்க.

என்ன கொடுமைன்னா, நான் அக்காகிட்ட சொல்லி அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னா, உடனே அடிக்குது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டா அடிக்கலை.

எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் இருக்காரு. 50 வயசு தாண்டினவர். 90-கள்ல இருந்து நெட்வொர்க் வேலை பார்த்தவர். கேன்டீன்ல அவர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "இது எங்க ஐ.எஸ்.டி.என். கதைப்பா"ன்னார். நான் காலேஜ்ல ஐ.எஸ்.டி.என்.ஐ ரெண்டு மார்க் கேள்வியாப் படிச்சதோட சரி. அவர் சொன்னது இது.

ஐ.எஸ்.டி.என். அப்படிங்கிறது டெலிபோன் லைனையே டிஜிட்டல் ஆக்கினது. சின்ன இணைப்புல மூணு வழி இருக்கும். தலா 64 கிலோபிட் வேகத்துல ரெண்டு 'பி' சேனல், அதுல உங்க டேட்டா போகும். 16 கிலோபிட்ல ஒரு 'டி' சேனல், அது பேச்சுவார்த்தைக்கு மட்டும். கால் போடு, கால் வை, அந்தப் பக்கம் வச்சுட்டாங்க, இதெல்லாம் அதுல போகும். சென்னைத் தலைமை அலுவலகத்தையும் வெளியூர்க் கிளையையும் ரவுட்டர் வச்சு இப்படி இணைச்சிருப்பாங்க. ஆனா இது இன்னைக்கு இருக்கிற மாதிரி எப்பவும் திறந்திருக்கிற லைன் இல்லை. போன் கால் மாதிரி, இணைப்புல இருக்கிற நேரத்துக்குக் காசு. வெளியூர்னா எஸ்.டி.டி. கணக்கு.

அதனால ரவுட்டர் என்ன பண்ணும்? அனுப்ப டேட்டா வந்தா அதுவே டயல் பண்ணும். ஓரிரு நொடியில லைன் வந்துடும். அப்புறம் கடிகாரம் பார்க்க ஆரம்பிக்கும். இத்தனை நொடி யாரும் ஒண்ணும் அனுப்பலைன்னா லைனை வச்சுடும். சிஸ்கோ ரவுட்டர்ல இதுக்குப் பேர் ஐடில் டைம்-அவுட். நீங்க ஒண்ணும் மாத்தலைன்னா 120 நொடி.

"புதுசா வர்ற பசங்க வந்து, சார் லைன் அடிக்கடி கட் ஆகுது, டெலிபோன் இலாகாவுக்குக் கம்ப்ளெயின்ட் பண்ணலாமான்னு கேட்பாங்க. கட் பண்றது நம்ம ரவுட்டர்தான்டான்னு சொல்லுவேன்."

எதிர்ப் பக்கத்துக் கதையும் உண்டு. லைன் கட் ஆகவே மாட்டேங்குதுன்னு. மாசக் கடைசியில பில்லைப் பார்த்து மேனேஜர் கத்துவார். போய்ப் பார்த்தா, யாரும் இல்லாத ராத்திரியில ஏதோ ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் "யாராவது இருக்கீங்களா?"ன்னு நெட்வொர்க் முழுக்கக் கூவிக்கிட்டே இருக்கும். இல்லைன்னா நேரம் சரிபார்க்கிற மென்பொருள் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்கும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஓடும். அதனால ரவுட்டர்ல ஒரு பட்டியல் எழுதி வைப்பாங்க. இந்த மாதிரி பாக்கெட் வந்தா முக்கியம், லைனைப் பிடிச்சு வை. இது வந்தா கண்டுக்காதே. கண்டுக்காத பாக்கெட் லைன் இருந்தா அதுல போகும். ஆனா அதுக்காக டயல் பண்ணாது, கடிகாரத்தையும் மாத்தாது.

அவர் சொன்னதுல எனக்கு ரொம்ப உதவினது ஒரு சின்ன விஷயம். ஒரு கிளையில லைன் எப்பவும் ரெண்டு நிமிஷத்துல அறுந்துடுமாம். இவங்க கிளை ரவுட்டர்ல நேரத்தை 300 நொடி ஆக்கியும் மாறலை. ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டாங்க. கடைசியில பார்த்தா, தலைமை அலுவலக ரவுட்டரும் தன் பங்குக்குத் தனியா ஒரு கடிகாரம் பார்த்துக்கிட்டிருந்துச்சு, 120-ல. ரெண்டு முனையிலயும் கடிகாரம் இருந்தா, சின்னதுதான் ஜெயிக்கும்.

"அறுந்தா, ஒயரைப் பார்க்காதே. எத்தனை பேர் கடிகாரம் பார்க்கிறாங்கன்னு எண்ணு"ன்னார். எழுந்து போயிட்டார்.

கடிகாரங்களை எண்ணினேன்

அந்த வாரக் கடைசியில கூத்தாநல்லூர் போனேன். ஒரு நோட்டு, மொபைல்ல ஸ்டாப்வாட்ச். சோதனை எளிமையானது. பெட்டியை ஆன் பண்ணி, சர்வர்ல ரெஜிஸ்டர் ஆனதும் நேரத்தை எண்ண ஆரம்பி. குறிப்பிட்ட நொடி கழிச்சு வெளியில இருந்து கூப்பிடு. அடிக்குதா, இல்லையா?

இதுல ஒரு கவனம் வேணும். ஒரு தடவை மணி அடிச்சாலே அந்த இணைப்புக்கு உயிர் வந்துடும், அடுத்த சோதனை கெட்டுடும். அதனால ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். என் மொபைல் வீட்டு வைஃபையில இருக்கக் கூடாது, வெளி நெட்வொர்க்ல இருந்துதான் கூப்பிடணும். நான் முதல் நாள் மாட்டிட்டு உடனே கூப்பிட்டு, உடனே அடிச்சதைப் பார்த்து ஊருக்குக் கிளம்பினேன் பாருங்க, அந்தச் சோதனை ஒண்ணுக்கும் உதவாது. சும்மா இருக்கும்போது அறுற கனெக்‌ஷனைச் சும்மா விடாமலே சோதிச்சிருக்கேன்.

20 நொடி, அடிக்குது. 40, அடிக்குது. 60, அடிக்குது. 90, அடிக்கலை. மூணு தடவை பார்த்தேன். 60-க்கும் 90-க்கும் நடுவுல யாரோ ஒருத்தர் கதவைச் சாத்துறாங்க.

யாருன்னு சொல்றதுக்கு முன்னாடி கதவு என்னன்னு சொல்லிடறேன். உங்க வீட்டுல பத்து கருவி இருக்கும், வெளியில தெரியிற முகவரி ஒண்ணுதான். உள்ளே இருந்து ஒரு பாக்கெட் வெளியே போகும்போது ரவுட்டர் ஒரு நோட்டுல குறிச்சுக்கும்: இந்தக் கருவி, இந்த எண் வழியா வெளியே போச்சு, பதில் வந்தா இதுக்கே கொடு. இதைத்தான் நாட் அப்படிங்கிறோம். அந்தக் குறிப்பு இருக்கிற வரைக்கும் வெளியில இருந்து உள்ளே வரலாம். குறிப்பை அழிச்சுட்டா, வர்ற பாக்கெட்டை யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியாது. கீழே போட்டுடும். யாருக்கும் சொல்லாது.

டெல்டாக்காரங்களுக்குச் சுலபமாச் சொல்லலாம். முறை வச்சுத் தண்ணி விடும்போது, உன் வயலுக்கு நீ தண்ணி எடுக்கலைன்னா மடையை அடைச்சு அடுத்தவனுக்குத் திருப்பிடுவாங்க. தண்ணி குறைவா இருக்கிற வருஷம் இன்னும் சீக்கிரம் அடைப்பாங்க. தப்பு சொல்ல முடியாது.

முதல் சந்தேகம் வீட்டு ரவுட்டர் மேல. அட்மின் பக்கத்துல நாட் பட்டியலைத் திறந்து வச்சுக்கிட்டேன். 90 நொடி தாண்டியும் நன்னி போனோட குறிப்பு அதுல அப்படியே இருக்கு. ஆனா மணி அடிக்கலை. அப்போ இது இல்லை.

அப்புறம்தான் ரவுட்டரோட வெளி முகவரியைப் பார்த்தேன். 100-ல ஆரம்பிச்சு, ரெண்டாவது எண் எழுபதுகள்ல இருந்துச்சு. 100.64 முதல் 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் பொது இணையத்துல கிடையாது. இணைய நிறுவனங்கள் தங்களுக்குள்ள பயன்படுத்திக்கன்னு 2012-ல ஒதுக்கினது. அதாவது, வீட்டு ரவுட்டருக்கு அந்தப் பக்கம், நிறுவனத்துக்கிட்டயும் ஒரு பெரிய நாட் பெட்டி இருக்கு. எங்க வீடு மட்டும் இல்லை, நிறைய வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ரெண்டாவது கடிகாரம் அங்கே. சீனியர் சொன்ன தலைமை அலுவலக ரவுட்டர் மாதிரியே.

ஏன் இப்படி? பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. உலக அளவுல கையிருப்புல இருந்த கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரியிலயே பிரிச்சுக் கொடுத்து முடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வீடு வீடா ஃபைபர் போட்டவங்களுக்குப் பங்கு போடுறதைத் தவிர வழி இல்லை. ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள்தான். பல வீடு பகிர்ந்தா, சும்மா இருக்கிற குறிப்பைச் சீக்கிரம் அழிச்சு எண்ணை அடுத்தவங்களுக்குக் கொடுக்கத் தோணும். இந்த மாதிரிக் குறிப்பை ரெண்டு நிமிஷத்துக்குள்ள அழிக்கக் கூடாதுன்னு இணையத் தர ஆவணம் ஒண்ணு 2007-லயே சொல்லுது. எல்லாப் பெட்டியும் அதைக் கேட்கிறதில்லை.

இப்போ எல்லாம் பொருந்துச்சு. நன்னி வீட்டுப் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் சர்வருக்கு "நான் இருக்கேன்"னு சொல்லும்படி வச்சிருந்தேன். சொன்ன ஒரு நிமிஷம், ஒண்ணேகால் நிமிஷம் கதவு திறந்திருக்கும். மீதி நேரம் மூடி இருக்கும். அதாவது 50 தடவை கூப்பிட்டா ஒரு தடவை அடிக்க வாய்ப்பு. சர்வர்ல தெரிஞ்ச பச்சை? அது ஒரு மணி நேரம் வரைக்கும் பழசா இருக்கக் கூடிய ஞாபகம், அவ்வளவுதான். உள்ளே இருந்து நன்னி ஒரு தடவை 1 அமுக்கியிருந்தா கதவு திறந்திருக்கும். அவங்க காசுக்குப் பயந்து அமுக்கலை.

அந்த மணிச் சத்தம்

ஒண்ணு மட்டும் பொருந்தலை. போன் அடிக்கவே இல்லைன்னா, மாமாவுக்கு எப்படி ரிங் போற சத்தம் கேட்டுச்சு?

லாக்கைப் பார்த்தேன். மாமா கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் சர்வர் நன்னி வீட்டுக்கு அழைப்பை அனுப்புது. பதில் இல்லை. அரை நொடி கழிச்சு மறுபடி. ஒரு நொடி, ரெண்டு நொடி, நாலு நொடின்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே ஏழு தடவை அனுப்பிட்டு, 32-வது நொடியில கைவிட்டுடுது. அந்த 32 நொடியும் கூத்தாநல்லூர்ல எந்தச் சத்தமும் இல்லை.

அப்புறம் என் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். கால் போடுற வரியில 'ஆர்'னு ஒரே ஒரு எழுத்து. அதை நான்தான் போட்டேன். ஆரம்பத்துல சோதிக்கும்போது, கால் சேர்ற வரைக்கும் ஒரு ரெண்டு நொடி நிசப்தமா இருந்துச்சு. கேட்க நல்லா இல்லைன்னு, மாமா லைன் செத்துடுச்சுன்னு நினைச்சு வச்சுடுவாங்கன்னு, அந்த எழுத்தைச் சேர்த்தேன். அதோட அர்த்தம், அந்தப் பக்கம் மணி அடிச்சாலும் அடிக்கலைன்னாலும் கூப்பிடுறவங்களுக்கு ரிங் சத்தத்தைப் போட்டுக் காட்டு. ஆஸ்டரிஸ்க் ஆவணத்துலயே தெளிவா எழுதியிருக்கு. நான் படிக்கலை.

மூணு வாரமா மாமா கேட்டது நன்னி வீட்டு மணி இல்லை. மும்பையில இருக்கிற என் சர்வர் போட்ட சத்தம்.

இணைய நிறுவனத்துப் பெட்டி கதவைச் சாத்தினது அது அதோட சிக்கனம். எரிச்சலா இருந்தாலும் புரியுது. ஆனா அந்தச் சத்தம் இல்லாம இருந்திருந்தா, முதல் நாளே மாமா, "லைன் போகலைடா, என்னன்னு பாரு"ன்னு எனக்குப் போன் பண்ணியிருப்பாங்க. கனெக்‌ஷன் அறுந்ததை விட, அறுந்தது தெரியாம நான் மூடி வச்சதுதான் அந்த மூணு வாரத்தை உண்டாக்குச்சு. ஐ.எஸ்.டி.என். இந்த விஷயத்துல எவ்வளவோ தேவலை. லைனை வச்சா 'டி' சேனல் வழியா ரெண்டு பக்கமும் சொல்லிட்டு வைக்கும். ரவுட்டர்ல கேட்டா, கடைசியா எந்தப் பாக்கெட்டுக்காக டயல் பண்ணேன், இன்னும் எத்தனை நொடியில வைக்கப் போறேன்னு கணக்கு காட்டும்.

சரி பண்ணது

மூணு மாத்தம் பண்ணேன். ஒண்ணு, அடாப்டர் பெட்டியில 'கீப்-அலைவ்'னு ஒரு அமைப்பு இருக்கு. அதை ஆன் பண்ணி 25 நொடின்னு வச்சேன். 60-க்கு நல்ல இடைவெளி விட்டு, நடுவுல ஒரு பாக்கெட் தொலைஞ்சாலும் சமாளிக்கிற அளவு. இதுக்கு எவ்வளவு டேட்டா செலவாகும்னு கணக்குப் போட்டேன். ஒரு பாக்கெட் 32 பைட். ஒரு நாளைக்கு 3,456 தடவை. மொத்தம் சுமார் 110 கிலோபைட். ஒரு 'குட் மார்னிங்' படம் அதைவிடப் பெருசு.

ரெண்டு, சர்வரும் தன் பக்கத்துல இருந்து 30 நொடிக்கு ஒரு தடவை நன்னி வீட்டுப் பெட்டியைக் கேட்கும். பதில் வரலைன்னா பச்சையை எடுத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். மூணு, அந்த 'ஆர்' எழுத்தை எடுத்துட்டேன். இனிமே ரிங் கேட்டா அது நிஜமா அடிக்கிற மணி.

உங்க வேலையில இதே வியாதி வந்தா என்ன பண்ணலாம்? ஒரே முறைதான். பாதையில இருக்கிற ஒவ்வொரு பெட்டியையும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணும் எத்தனை நொடி பொறுக்கும்னு பக்கத்துல எழுதுங்க. அமேசான் கிளவுடோட நாட் கேட்வே 350 நொடி. அதோட அப்ளிகேஷன் லோட் பேலன்சர், மாத்தலைன்னா 60 நொடி. அஸூர் லோட் பேலன்சர் 4 நிமிஷம். லினக்ஸ்ல டி.சி.பி. கீப்-அலைவ்னு ஒண்ணு இருக்கேன்னு நம்பாதீங்க. அப்ளிகேஷன் கேட்டாத்தான் அது வேலை செய்யும், அப்பவும் முதல் தட்டு 2 மணி நேரம் கழிச்சுத்தான். அதுக்குள்ள நடுவுல எல்லாரும் சாத்திட்டுப் போயிருப்பாங்க. எஸ்.எஸ்.ஹெச். உறைஞ்சா கிளையன்ட் கான்ஃபிக்ல 'சர்வர் அலைவ் இன்டர்வல்' 60-ன்னு வைங்க. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல்னா, சும்மா இருக்கிற கனெக்‌ஷனை நடுவுல இருக்கிற சின்னக் கடிகாரத்துக்கு முன்னாடி நீங்களே மூடிடுங்க.

தேவையில்லாமத் தட்டிக்கிட்டே இருக்கவும் வேண்டாம். மொபைல் ஆப் ஒவ்வொண்ணும் தனித்தனியா 25 நொடிக்கு ஒரு தடவை தட்டினா பேட்டரி மதியமே காலி. ஆண்ட்ராய்டுல நோட்டிஃபிகேஷன் எல்லாம் பெரும்பாலும் கூகுளோட ஒரே பொது இணைப்பு வழியா வர்றது அதனாலதான்.

அப்புறம், உங்க ஸ்க்ரீன்ல ஒரு பச்சை விளக்கு இருந்தா, அது எப்போ கடைசியா சரிபார்த்ததுன்னு கேளுங்க.

ஏழு மணி

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் முடிச்சுட்டு, எதையும் தொடாம ரெண்டு மணி நேரம் விட்டேன். மாமாவுக்கு மட்டும் மெசேஜ் போட்டேன், வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுங்கன்னு.

ஏழு மணிக்கு அடிச்சுது. நன்னி நாற்காலியில இருந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள மூணு தடவை அடிச்சுது. எடுத்து, சலாம் சொல்லிட்டு, முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். கோபம் பத்தி ரெண்டு பேரும் பேசலை. நான் வாசலுக்கு வந்துட்டேன்.

அப்புறம் நான் மாமாகிட்ட தனியாப் பேசினேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "அப்போ நான் கேட்ட ரிங்கு?"ன்னாங்க.

"அது நான் போட்ட சத்தம் மாமா. அங்க அடிக்கவே இல்லை."

"சரி விடு"ன்னாங்க. "அம்மாகிட்டயும் சொல்லிடு. நான் தினம் கூப்பிட்டேன்னு சொல்லு."

சொன்னேன். நாட், டைம்-அவுட் எதுவும் சொல்லலை. "நன்னி, மாமா தினமும் ஏழு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் மாட்டின பெட்டி சரியில்லாம மணி அடிக்கலை." அவங்க பதில் சொல்லாம எழுந்து உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டு வந்தாங்க. கொடுத்துட்டு, "நான் போட்டா நிஜமாவே காசு இல்லையா?"ன்னு கேட்டாங்க. "ஒரு பைசா இல்லை நன்னி."

போன மாசம் சர்வர் லாக்கைச் சும்மா பார்த்தேன். 31 நாள்ல 40-க்கு மேல கால். பாதிக்கு மேல கூத்தாநல்லூர்ல இருந்து சிங்கப்பூருக்குப் போனது.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டுல, ஆபீஸ்ல இந்த மாதிரி சும்மா இருந்தா அறுற ஏதாவது இருந்தா, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க, ஒரு எபிசோடுல சேர்த்துப் பேசலாம். அடுத்த தடவை பார்ப்போம்.